பழைய லொறியும் மாற்று ரேடியேற்றரும்



கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிற் பயணஞ் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கட்டாயம் கண்டிருப்பார்கள். வளைவொன்றின் ஓரத்திலே பழைய லொறியொன்று பொனற்றைத் திறந்தபடி நிற்கும். பின்சில்லுக்குக் கல் அணை கொடுக்கப்பட்டிருக்கும். சாரதி மதிற்கட்டில் அமர்ந்திருப்பார். உதவியாளன் தகரப் பேணியொன்றை ஏந்திக்கொண்டு அருகிலுள்ள பீலியை நோக்கி நடந்துகொண்டிருப்பான். லொறி நின்றதற்குக் காரணம் எஞ்சினில் உள்ள நீர் கொதித்தமையே. நீர் கொதித்ததற்குக் காரணம் யாது என்று வினவினால், பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள்.

அவ்விடைகளுள் ஒன்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன். பழைய லொறியொன்றில் அதற்கு உரியதல்லாத வேறோர் எஞ்சினைப் பூட்டினால், அதற்கு எத்தகைய ரேடியேற்றரைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே விஷயம். இது கராஜ்காரருக்கு மட்டும் உரிய பேச்சு என்று வானொலியை மூடிவிட வேண்டாம். ஒரேயொரு லொறியை நம்பிச் சீவிக்கும் குடும்பங்கள் எமது நாட்டில் அநேகம் உள்ளன. அத்தகைய ஒரு குடும்பத்தின் கதையும் இதிலே வருகிறது. அந்தக் கதையில் நான் செய்த பிழையும் வருகிறது.

எஞ்சின் மாற்றுவது இன்று நேற்று வந்த பழக்கமன்று. பெற்றோலில் ஓடிய பெட்போர்ட் லொறிகளில் பேர்க்கின்ஸ் நிறுவனத்தாரின் பி 6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பூட்டுவது 1940களிலும் 1950களிலும் இங்கிலாந்திலே பெருவழக்காயிருந்தது. அக்காலத்தில் பழைய எஞ்சினும் புதிய எஞ்சினும் ஒரே நாட்டில், ஒரே அளவுமுறையில் செய்யப்பட்டவை. இன்று நம்மவர் செய்யும் மாற்றமோ இங்கிலாந்து லொறியில் யப்பான் எஞ்சினைப் பூட்டுவது. பெண் ஓர் ஊர், மாப்பிள்ளை வேறோர் ஊர் என்பது போல. கலியாணம் நடக்கலாம், ஆனால் இரு வீட்டாரையும் பொருத்தி வைப்பதற்கு யாராவது மெனக்கெட வேண்டும்.

என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று அழைப்பவர், கம்பளையில் லொறி வைத்துத் தொழில் செய்பவர். அவரிடம் இருப்பது பெட்போர்ட் ஜே வகையைச் சேர்ந்த லொறி. முன்னே மூக்கு நீண்ட அந்த லொறியை, 1958 இல் அறிமுகமான அந்த வகையை, நேயர்களிற் பலர் அறிவீர்கள். கொழும்பிலிருந்து அரிசியும் பசளையும் ஏற்றி மலைக்குக் கொண்டுபோவதும், அங்கிருந்து கோவா, கரட், லீக்ஸ் முதலிய மரக்கறிகளை ஏற்றிக் கீழே கொண்டுவருவதும் அவருடைய தொழில். லொறியோடு வந்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் பன்முறை பழுதுபார்க்கப்பட்டு, இனி உதிரிப்பாகமே கிடையாது என்ற நிலையை அடைந்தது. அடிச்சட்டமும் பெட்டியும் நல்ல நிலையில் இருந்தன. ஆகவே அக்காவின் காப்புகளை அடகு வைத்து, இசுசு நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினொன்றை அவர் வாங்கினார். 4பிடி1 என்று குறிக்கப்படும் 3.9 லீற்றர் எஞ்சின் அது. பழையதைவிட இரண்டு சிலிண்டர் குறைவு, நீளத்திலும் குட்டை. ஆயினும் வலுவில் ஏறத்தாழச் சமம். எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துப் பதிவிலும் திருத்த வேண்டும் என்பதை இவ்விடத்தில் ஒரு வார்த்தையாற் சொல்லிக் கடந்துவிடுகிறேன்.

பூட்டி முடித்தபின் முதற் பயணத்திலேயே, அரிசி மூட்டைகளுடன் புசல்லாவையைத் தாண்டும்போது நீர் கொதித்தது. ரேடியேற்றர் பழையது, அடியிற் பாதிக் குழாய்கள் அடைபட்டிருந்தன. அத்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் தொழினுட்பப் பாடசாலையில் மோட்டார் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சற்றும் யோசியாமல், "பெரிய ரேடியேற்றர் ஒன்று போடுங்கள் அத்தான்" என்று சொன்னேன். அவரும் பஞ்சிகாவத்தைக்குப் போய், பஸ் வண்டியொன்றிலிருந்து கழற்றிய, இரண்டு பேர் தூக்க வேண்டிய ரேடியேற்றரை வாங்கி வந்து பூட்டினார். அது றம்பொடைக்கு ஒரு கட்டை முன்பாகக் கொதித்தது. செலவழித்த பணத்துக்குக் கிடைத்த பயன் சில மைல் தூரமே!

இவ்விடத்தில் கதையைச் சற்றே நிறுத்தி, ரேடியேற்றர் செய்யும் வேலை யாதென நோக்குவோம். எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் சக்தி முழுவதும் சில்லுகளைச் சென்றடைவதில்லை. ஒரு பங்கு வேலையாகிறது. ஒரு பங்கு புகையுடன் வெளியே போய்விடுகிறது. இன்னுமொரு பங்கு சிலிண்டர்ச் சுவர்களின் வழியே நீருக்குள் இறங்குகிறது. ஏற்றத்தில் எஞ்சின் 70 கிலோவாற்று வலுவைத் தருமாயின், நீருக்குள் இறங்கும் வெப்பம் ஏறக்குறைய 45 கிலோவாற்று என்று கொள்ளலாம். எமது வீடுகளில் உள்ள மின்சாரக் கேத்தல் ஏறத்தாழ 2 கிலோவாற்று வலுவுடையது. அத்தகைய கேத்தல்கள் இருபத்திரண்டை ஒரே நேரத்தில் பொனற்றின் கீழே கொதிக்க வைத்தாற் போன்ற வெப்பம் அது. அந்த வெப்பத்தை இடையறாது வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

நீர் அதைச் சுமப்பதிற் சிரமமில்லை. தண்ணீர்ப் பம்பு ஒரு செக்கனுக்கு இரண்டு லீற்றர் நீரைச் சுற்றினால், ரேடியேற்றரின் மேற்றொட்டிக்குள் நுழையும் நீருக்கும் கீழ்த்தொட்டியால் வெளியேறும் நீருக்கும் உள்ள வித்தியாசம் ஐந்தாறு பாகையே. கீழ்க்குழாயைத் தொட்டுப் பார்த்து, "இது குளிரவேயில்லை" என்று சொல்லும் சாரதிமார் இதனைக் கவனிக்க வேண்டும். கீழ்க்குழாயும் சுடத்தான் செய்யும். அங்கே தண்ணென்று இருந்தால் நீர் சரியாகச் சுற்றவில்லை என்பதே பொருள்.

சிரமம் காற்றிலே உள்ளது. 45 கிலோவாற்று வெப்பத்தை ஏற்று, 30 பாகை சூடேறி வெளியேற வேண்டுமானால், ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 80 கன மீற்றர் காற்று ரேடியேற்றரினூடே செல்ல வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறைகள் மூன்றில் அடங்கும் காற்று முழுவதையும் நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தச் சிறு சதுரத்தினூடே உறிஞ்சி எடுப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். சமதரையில் வேகமாக ஓடும்போது லொறியின் வேகமே காற்றைத் தள்ளிவிடும். மலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும்போது எஞ்சினுக்கு வேலை அதிகம், எதிர்க்காற்றோ சொற்பம். அங்கே விசிறியே கதி. அதற்கும் மேலாக, நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் அதே விசிறி அதே வேகத்திற் சுழன்றாலும் அது தள்ளும் காற்றின் நிறை குறைந்துவிடும். மலைக்குளிரால் வரும் நன்மையில் ஒரு பகுதியை இந்த மெல்லிய காற்று திருப்பி எடுத்துக்கொள்கிறது.

இத்தனையும் மாணவருக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். ஆயினும் அத்தானுக்கு ஆலோசனை சொல்லும்போது கரும்பலகையை மறந்தேன்.

பஸ் ரேடியேற்றரும் கொதித்தபின் கராஜில் ஒருவர், "தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியுங்கள்" என்றாராம். கழற்றினார்கள். சூடு முன்னையிலும் விரைவாக ஏறியது. தெர்மோஸ்ரற் என்பது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றருக்கான வழியை அடைத்து வைத்திருந்து, குறித்த வெப்பநிலை வந்ததும் திறக்கும் சிறு கதவு. பல எஞ்சின்களில் அது ஒரு வழியைத் திறக்கும் அதே வேளையில், நீர் ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழியை மூடிவிடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேற்றரின் முகத்தையே காணாமல் எஞ்சினுக்குட் சுற்றிக்கொண்டிருக்கும். மேலும், எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் நல்லது என்று நினைப்பதும் தவறு. 1990களில் எரிபொருட் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பழைய பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இது நன்கு தெரியும். பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. டீசல் எஞ்சினும் தனக்குரிய சூட்டில் ஓடினாற்றான் நெடுநாள் உழைக்கும்.

தெர்மோஸ்ரற் இல்லாத மூன்றாம் பயணத்தில் ஹெட் காஸ்கெற் போயிற்று. அன்று நடந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். லொறி நின்ற பதற்றத்தில் உதவியாளனான பதினெட்டு வயதுப் பையன் ஈரச்சாக்கை மூடியின்மேற் போட்டுத் திருகிவிட்டான். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் நூறு பாகையைக் கடந்தும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்த கணத்திலே அதன் ஒரு பகுதி ஆவியாகிச் சீறும். பையனின் வலது முன்கை வெந்தது. மூன்று வாரம் கம்பளை ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டினான். வாங்கிய கடனைவிட அந்தக் கையே அத்தானை அதிகம் வருத்தியது. அந்த வாரம் நான் நேரிலே கம்பளைக்குப் போனேன்.

ரேடியேற்றர் பழுதுபார்க்கும் பாஸ் ஒருவரிடம் என்னை அழைத்துச் சென்றார் அத்தான். தச்சரையும் மேசனையும் கராஜ்காரரையும் 'பாஸ்' என்று அழைப்பது எமது நாட்டு வழக்கம்; ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்களில் ஒன்று அது. இந்த பாஸ் அறுபது வயதைக் கடந்தவர். ரேடியேற்றரை அவர் தொடவேயில்லை. எஞ்சினை இயக்கி, வேகத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு, பழைய பத்திரிகைத் தாளொன்றை ரேடியேற்றரின் முன்புறத்தில் வைத்துக் கையை எடுத்தார். தாள் கீழே விழுந்தது. மறுபடியும் வேறோரிடத்தில் வைத்தார். அதுவும் விழுந்தது. விசிறி நன்றாக உறிஞ்சுமாயின் தாள் ரேடியேற்றரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"சேர், இந்த விசிறிக்கும் ரேடியேற்றருக்கும் கதை பேச்சு இல்லை" என்றார் அவர்.

அளந்து பார்த்தோம். கியர்ப் பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின் குட்டையானதால் அதன் முன்முகம் பின்னே தள்ளிப்போய்விட்டது. விசிறிக்கும் ரேடியேற்றருக்கும் இடையே பதினொரு அங்குல வெளி. சுற்றிலும் கூடு எதுவும் இல்லை. விசிறி தன் பக்கத்தில் இருந்த எஞ்சின் சூட்டுக் காற்றையே இழுத்துத் திரும்பவும் எஞ்சின்மீது வீசிக்கொண்டிருந்தது. முன்னே இருந்த ரேடியேற்றர் எவ்வளவு பெரிதாயிருந்தால் என்ன? பெரியதொரு சாளரத்தை வைத்துவிட்டு அதைப் பூட்டி வைத்தாற் போலத்தான். பஸ் ரேடியேற்றர் இன்னுமொரு வகையிலும் கெடுதி செய்திருந்தது. அகலங் கூடிய அதன் இரு ஓரங்களும் முன்தகட்டின் பின்னே மறைந்து கிடந்தன. காற்று நுழையும் வாய்க்கு எதிரே இருந்தது அதன் நடுப்பகுதி மாத்திரமே.

ஆகவே மாற்று ரேடியேற்றர் தேடுவோர் கடைக்குப் போவதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு பொனற்றின் கீழே குனிய வேண்டும். விசிறியின் நடுப்புள்ளி எங்கே வருகிறது, அங்கிருந்து முன்னே எவ்வளவு இடமுண்டு, முன்வாயின் அகலமும் உயரமும் எவ்வளவு, மேல்நீர் வெளியேறும் குழாய் எஞ்சினின் எப்பக்கத்தில் உள்ளது, கீழ்க்குழாய் எப்பக்கம், அவற்றின் விட்டம் எவ்வளவு என்பனவற்றைக் கடுதாசியிற் குறித்துக்கொள்ள வேண்டும். அத்துடன் மறக்காமற் பார்க்க வேண்டியது உயரம். ரேடியேற்றரின் மேற்றொட்டி எஞ்சினின் தலைப்பகுதியைவிட உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்து நின்றால் நீரிற் கலந்த காற்று எஞ்சினின் தலைக்குள்ளே போய்த் தங்கும். காற்றுத் தங்கிய இடத்தில் நீர் இராது. நீர் இல்லாத இடத்தில் இரும்பு வெடிக்கும். மேற்றொட்டியை உயர்த்த வழியில்லையெனில், எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் தனியானதொரு சிறு நீர்த்தொட்டியைப் பொருத்தி, எஞ்சினின் தலையிலிருந்து அதற்கு மெல்லிய குழாயொன்றைக் கொண்டுபோக வேண்டும்.

பிறகு ரேடியேற்றரின் நடுப்பகுதி. குழாய்களும் அவற்றினிடையே மடித்துச் செருகிய மெல்லிய தகட்டு இதழ்களும் சேர்ந்த அப்பகுதியைக் கராஜ்களிற் 'கோர்' என்பார்கள். விற்பவர், "இது நாலு வரிசை" என்று குழாய் வரிசைகளை எண்ணிக் காட்டுவார். எண்ணிக்கையில் மயங்கிவிடக் கூடாது. முதல் வரிசையைத் தொடும் காற்றுக் குளிர்ந்தது. நான்காம் வரிசையை அடையும் காற்று மூன்று வரிசைகளின் சூட்டை ஏற்கனவே வாங்கிக்கொண்டு வருவது. அது அள்ளக்கூடிய வெப்பம் சொற்பம். தடிப்பு ஏறஏறக் காற்றுப் புகுவதும் கடினமாகிறது. காற்றுக்கு முகங்கொடுக்கும் பரப்பு விரிவாயிருப்பதே முதலாவது நன்மை. எஞ்சின் எந்த லொறியிலிருந்து கழற்றப்பட்டதோ, அந்த லொறியின் ரேடியேற்றருக்கு இருந்த முகப்பரப்பிலும் குறைந்ததை வாங்கலாகாது. அந்த ரேடியேற்றரே கிடைத்து, அது முன்வாய்க்குள் அடங்குமாயின் அதைவிடச் சிறந்த தெரிவு இல்லை என்பது என் எண்ணம். எஞ்சினைச் செய்தவர்கள் அதன் வெப்பத்தை அளந்து செய்த பெட்டி அது.

தகட்டிதழ்கள் நெருக்கமாயிருப்பது கடையிற் பார்க்க அழகு. தோட்டத்துப் பாதைகளில் ஓடும் லொறிக்கு அது உதவாது. சேறும் புல்விதையும் பூச்சிகளும் அவற்றிடையே சிக்கி, ஒரு மழைக்காலத்துக்குள் பாதியை அடைத்துவிடும்.

செப்பும் பித்தளையுமா, அலுமினியமா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. செப்பு வெப்பத்தை நன்கு கடத்தும் என்பது உண்மை. அலுமினியத்தில் அகலமான குழாய்களைச் செய்யலாம், பாரமும் குறைவு. ஆகவே நன்றாகச் செய்த அலுமினிய ரேடியேற்றர் குளிர்விப்பதில் எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. நான் செப்பின் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. பிளாஸ்ரிக் தொட்டி பொருத்திய அலுமினிய ரேடியேற்றர் வெடித்தால் வழியில் எவராலும் எதுவும் செய்ய இயலாது. செப்பு ரேடியேற்றரில் ஒழுக்கு ஏற்பட்டால், ஈயம் பற்றவைக்கத் தெரிந்த பாஸ் ஒருவர் எந்தப் பட்டினத்திலும் இருப்பார். தொட்டிகளைக் கழற்றி, அடைபட்ட குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்திகரிக்கவும் முடியும். சுண்ணக்கற் பாறைமேல் அமைந்த யாழ்ப்பாணத்திலே கிணற்று நீரை ஊற்றி ஓட்டுவோருக்கு இது சிறிய விஷயமன்று. அந்த நீர் வன்னீர். கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவமே ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் படியும். மழைநீரையோ வடித்த நீரையோ, துருவைத் தடுக்கும் திரவத்துடன் கலந்து ஊற்றுவதே நலம்.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்த பாத்திரத்தில் நீர் நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலே கொதித்துவிடும். பழைய லொறிகளின் ரேடியேற்றர்கள் சதுர அங்குலத்துக்கு 4 இறாத்தல் போன்ற சிறு அழுத்தத்துக்கே செய்யப்பட்டவை. அத்தகைய மூடி நுவரெலியாவிற் கொதிநிலையை 102 பாகை அளவுக்குத்தான் உயர்த்தும். யப்பான் ரேடியேற்றர்களின் மூடியில் 0.9 என்று பொறித்திருப்பதைக் காணலாம். சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோகிராம் அழுத்தம் என்பது அதன் கருத்து. அம்மூடி அதே இடத்திற் கொதிநிலையை 115 பாகைக்குக் கொண்டுபோகும். நல்ல இலாபந்தான். ஆனால் பழைய ரேடியேற்றரில் இந்த மூடியைப் போட்டால், அதன் பற்றுகள் அந்த அழுத்தத்தைத் தாங்காமற் பிளந்துவிடும். மூடி ரேடியேற்றருக்கு உரியதாயிருக்க வேண்டும்.

மின்விசிறியைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. காரிலிருந்து கழற்றிய மின்விசிறியொன்று 12 வோல்ற்றில் 20 அம்பியர் இழுத்தாலும் அதன் வலு 240 வாற்று மாத்திரமே. எஞ்சினோடு சுழலும் லொறி விசிறியோ சில கிலோவாற்று வலுவை விழுங்கிக் காற்றைத் தள்ளுவது. அந்த இடத்தை இது நிரப்பாது.

இனி அத்தானின் லொறிக்கு வருவோம். பாஸும் நானும் அத்தானும் மறுபடி பஞ்சிகாவத்தைக்குப் போனோம். அந்த எஞ்சின் வகைக்கே உரிய மூன்று வரிசைச் செப்பு ரேடியேற்றரொன்று, அதன் விசிறிக் கூட்டுடன், இரண்டாம் நாளிற் கிடைத்தது. பஸ் ரேடியேற்றரிலும் சிறியது; பாரத்திற் பாதி இருக்கும். அத்தான் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்னனா மலை ஏறப்போகுது?" என்று கேட்டார். எனக்கும் உள்ளூர ஐயமிருந்தது என்பதை மறைப்பானேன்?

பாஸ் அதைப் பழைய இடத்திற் பொருத்தவில்லை. அடிச்சட்டத்தின் குறுக்கே புதிய இரும்புக் கோணமொன்றை வைத்து, ரேடியேற்றரை எட்டரை அங்குலம் பின்னே கொண்டுவந்தார். விசிறிக்கும் கோருக்கும் இடையே இரண்டரை அங்குலம் விட்டார். விசிறியின் இறக்கைகள் கூட்டின் வாயினுள் பாதியும் வெளியே பாதியுமாக நிற்கும்படி கூட்டை வெட்டி ஒட்டினார். இறக்கை நுனிக்கும் கூட்டுக்கும் இடையே முக்கால் அங்குலம். எஞ்சின் தன் இறப்பர்த் தாங்கிகளில் ஆடும் என்பதால் அதற்குக் குறைக்கக் கூடாது என்றார். ரேடியேற்றருக்கு முன்னே உண்டான வெற்றிடத்தின் இருபுறமும் தகடு அடித்து, முன்வாயால் நுழைந்த காற்று பக்கவாட்டில் தப்பிப் போகாதபடி செய்தார். இதனைப் பலர் செய்வதில்லை. காற்று நீரைப் போன்றது. இலகுவான வழி இருக்கும்போது கடினமான வழியால் அது போகாது.

ரேடியேற்றரை அவர் நேரே இரும்போடு முறுக்காமல் இறப்பர்த் துண்டுகளின்மேல் அமர்த்தினார். பள்ளத்தில் இறங்கும்போது லொறியின் அடிச்சட்டம் முறுக்குண்ணும். அந்த முறுக்கு ரேடியேற்றரை அடைந்தால் பற்றுகள் விட்டுப்போம். கீழ்க்குழாயின் உள்ளே சுருட்கம்பியொன்றைச் செருகினார். அக்குழாயால் நீரைப் பம்பு உறிஞ்சுவதால், சூட்டில் இளகிய இறப்பர் உள்வாங்கிச் சப்பையாகி நீரோட்டத்தை நிறுத்திவிடுவதுண்டு. நின்ற லொறியைப் பார்க்கும்போது குழாய் நன்றாகவே இருக்கும், கண்டுபிடிக்க முடியாது.

புதிய தெர்மோஸ்ரற்றும் போடப்பட்டது. எஞ்சினை இயக்கினோம். பத்திரிகைத் தாள் கோரோடு சப்பென்று ஒட்டிக்கொண்டது. நான்கு மூலையிலும் ஒட்டியது.

மூன்று நாட்களின் பின் பசளை மூட்டைகளுடன் மலையேறினோம். மேற்றொட்டியில் வெப்பமானியொன்றைப் பொருத்தி, நான் சாரதிக்குப் பக்கத்திலே அமர்ந்திருந்தேன். எஞ்சின் மாற்றுவோருக்குப் பயன்படும் கணக்கொன்றை இவ்விடத்திற் சொல்கிறேன். தெர்மோஸ்ரற் முற்றாகத் திறந்திருக்க, ஒரே ஏற்றத்தில் ஒரே பாரத்துடன் சென்றால், மேற்றொட்டி நீரின் வெப்பநிலைக்கும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய மாறாமலிருக்கும். அன்று வெளியே 26 பாகை. புசல்லாவைக்கு மேலே, இரண்டாம் கியரில், வெப்பமானி 96 பாகைக்கு ஏறி அங்கேயே நின்றது. வித்தியாசம் 70 பாகை. ஆகவே சித்திரை மாத நண்பகலிற் கடுகண்ணாவை ஏற்றத்தில் வெளிக்காற்று 33 பாகையாயிருந்து, ஏற்றமும் பாரமும் அதே அளவாயின், நீர் 103 பாகை வரை போகும். அது அதிகந்தான், எனினும் அந்த மூடியின்கீழ் நீர் கொதிப்பதற்கு இன்னும் பத்துப் பாகைக்கு மேலே இடமுண்டு. குளிர்ந்த நாளிற் சோதித்துவிட்டு, "கொதிக்கவில்லை" என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால் வரப்போகும் கோடையையும் இன்றே அறியலாம். சாரதிக்கு இன்னுமொன்று சொல்லி வைத்தேன். நீர் ஒழுகிக் குறைந்துவிட்டால் வெப்பமானியின் முனை நீரைத் தொடாமல் வெறுவெளியில் நிற்கும். அப்போது அது குறைந்த சூட்டையே காட்டும். ஊசி திடீரென்று கீழே இறங்கினால் மகிழாமல் லொறியை நிறுத்த வேண்டும்.

றம்பொடை நீர்வீழ்ச்சியைக் கடந்தோம். அத்தான் எதுவும் பேசவில்லை. லபுக்கலையில் தேநீர்க் கடையொன்றின் முன் லொறியை நிறுத்தச் சொன்னார். கை ஆறியிருந்த பையன் பழக்கதோஷத்தாற் பேணியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்; பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பீலியடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

பஸ் ரேடியேற்றர் இன்னமும் கம்பளையில், அக்கா வீட்டு விறகுக் கொட்டிலில் கிடக்கிறது. செப்பு விலைக்கு நிறுத்து விற்றுவிடலாம் என்று அத்தான் சொல்கிறார். அதை வாங்கச் சொன்னவன் நான் என்பதை அக்கா மாத்திரம் ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்துகிறாள்.